கேட்ட எண்ணிக்கை

அன்றைக்கும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மேசையைக் காலையிலேயே அம்மா தன் கையால் துடைத்து வைத்திருந்தார். லேப்டாப்பில் முழுச் சார்ஜ். வருகிறவரின் படமும் பெயரும் அச்சிட்ட அடையாள அட்டை நீலக் கயிறோடு தயாராக இருந்தது. மதியம்வரை வாசல் காவலாளியைப் போனில் துளைத்துக்கொண்டே இருந்தார்.

“யாராவது வந்தாங்களா?”

“தண்ணி கேன் போடுறவர் வந்தாரு மேடம்.”

“டேட்டா சயின்டிஸ்ட் ஒருத்தர் வருவார்னு சொன்னேனே.”

“அவங்க எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது மேடம். இதுவரைக்கும் ஒருத்தரையும் பாத்ததில்லையே.”

காவலாளி சொன்னதில் தப்பில்லை. இது மூன்றாவது ஆள். முதல் ஆள் சேருகிற நாளன்று போனை அணைத்துவிட்டார். இரண்டாவது ஆள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வேறொரு கம்பெனியின் வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார். மூன்றாமவரும் இப்போது கம்பி நீட்டிவிட்டார்.

இந்தத் தொழிலில் இது நடைமுறை. ஆஃபர் லெட்டர் வாங்குவார்கள். பழைய கம்பெனியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அங்கேயே இருக்கவேண்டும். அந்த மூன்று மாதத்தில், கையிலிருக்கும் லெட்டரைக் காட்டி அதைவிடப் பெரிய லெட்டர் ஒன்றை வாங்கிவிடுவார்கள். ஆள் தேடுகிற கம்பெனிகள் அதிகம், வேலை தெரிந்தவர்கள் குறைவு. யாரைக் குறை சொல்ல?

அம்மா வேலை பார்த்தது ஒரு சலவைக் கம்பெனியில். நகரத்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி எல்லாம் அங்கே வந்து வெளுத்துப் போகும். டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். பேசுகிறவர் பொய் சொல்கிறாரா, பயப்படுகிறாரா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் அதைக் கவனித்து, ஆள் எடுக்கிற வேலையை அவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கே துணி பிரிக்கிறவர், இஸ்திரி உருளையில் நிற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் எல்லோருமே அம்மா பார்த்து எடுத்தவர்கள். எடுத்தவர்கள் விட்டுப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘சல்லடை’ என்று பேர். அது அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்தச் சல்லடையில்தான் இந்த ஒரு வேலைக்கு ஆள் தங்கவில்லை.

எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு எத்தனை விரிப்பு தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும். அதுதான் வேலை. சில நாள் ஓரிடத்தில் விரிப்பு மலையாகக் கிடக்கும். இன்னோரிடத்தில் நோயாளி வெறும் மெத்தையில் படுத்திருப்பார், அறுவை அறை காத்திருக்கும். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் நகம் அளவுக்கு ஒரு சிப் வைத்துத் தைத்திருந்தார்கள். வாசலைத் தாண்டும்போது இயந்திரம் எண்ணிவிடும். எண்ணிக்கை குவிந்து கிடந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அம்மாவுக்கு இந்தப் படிப்பு தெரியாது. மகள் வேறொரு கம்பெனியில் இதே வேலை பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் அவளுக்குப் போன் போடுவார்.

“ஏண்டி, ஒருத்தன் ரேண்டம் ஃபாரஸ்ட் தெரியும்னு எழுதியிருக்கான். அது என்ன, வனத்துறையா?”

“அம்மா! அது கம்ப்யூட்டர்ல கணிக்கிற ஒரு முறை.”

“சிரிக்காத. எனக்குத் தெரியாதுன்னு அவன்கிட்ட காட்டிக்க முடியுமா?”

நாற்காலி மூன்றாவது தடவையாகக் காலியாக இருந்த அன்று மாலை சின்னவர் கூப்பிட்டார். பெரியவரின் மகன், இப்போது முதலாளி. மற்றவர்கள் முன்னால் அம்மாவை ‘மேடம்’ என்பார். சிக்கல் வந்தால் ‘ஆன்ட்டி’.

“ஆன்ட்டி, போதும். அடுத்த ஆளும் வரலேன்னா எல்லாத்தையும் ஏஜென்சிகிட்ட குடுத்துடலாம்.”

“எல்லாத்தையும்னா?”

“டிரைவர், துணி பிரிக்கிறவங்க, எல்லாரையும் அவங்களே எடுப்பாங்க. நீங்க லீவு கணக்கு மட்டும் பாருங்க. ரிலாக்ஸா இருக்கலாம்.”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“இல்லேன்னா ஒண்ணு பண்ணுங்க. உங்க பொண்ணு இதே வேலைதானே? கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. முடிஞ்சுது.”

வீட்டில் மகளும் அதையே சொன்னாள். “ஆறு மாசம் வந்துட்டுப் போறேம்மா. உன் வேலையாவது நிக்கும்.”

“வீட்டுலயும் உங்கூட சண்டை, ஆபீஸ்லயும் உங்கூட சண்டையா? எனக்கு எப்பதான் ரெஸ்ட்?” என்றார் அம்மா. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ வந்தா நான் ஆள் எடுத்ததா ஆகாதுடி. பெத்தேன், அவ்வளவுதான்.”

மறுநாள் மூன்றாவது ஆளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். திட்டக் கூப்பிடவில்லை, வராத காரணம் மட்டும் தெரிந்தால் போதும் என்று. மதியம் போன் வந்தது. முதலில் சம்பளம் என்றார். “வேற?” என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்தது சம்பளம் இல்லை.

“உண்மையச் சொல்லட்டா மேடம்? விளம்பரத்துல புரட்சி, எதிர்காலம், உலகத்தரம்னு போட்டிருந்தீங்க. இன்டர்வியூவ வாடகைக்கு எடுத்த கண்ணாடி ரூம்ல வச்சீங்க. டேட்டாவக் காட்டுங்கன்னு கேட்டேன். சேர்ந்தப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க. கம்பெனி என்னடா பண்ணுதுன்னு எங்கம்மா கேட்டாங்க. எனக்கே சரியாத் தெரியல. அவங்களே தேடிப் பாத்துட்டு, ‘துணி துவைக்கவா இவ்ளோ படிச்ச’ன்னு ஒரே அழுகை.”

“துவைக்கிற கம்பெனின்னு நாங்க முதல்லயே சொல்லியிருந்தா?”

“என்ன துணி, யாருக்குன்னு சொல்லியிருந்தா... தெரியல மேடம். நீங்களே ஒளிக்கிறீங்க. அப்ப நான் எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

போனை வைத்துவிட்டு அம்மா பழைய விளம்பரத்தை எடுத்துப் படித்தார். ஒளித்தது நிஜம். அழுக்குத் துணியின் வாடை படித்தவர்களை விரட்டிவிடும் என்று சின்னவருக்குப் பயம். விளம்பர வாசகத்தைப் பெரிய கம்பெனிகளைப் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். டிரைவர் எடுத்தால் அம்மா வண்டியைக் காட்டித்தான் எடுப்பார். துணி பிரிக்க ஆள் எடுத்தால் குவியலுக்கு முன்னால் நிறுத்திக் கேட்பார். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பேரைக் கேட்டே மிரண்டுபோய், தன் வழக்கத்தை விட்டிருந்தார்.

அன்றே புது விளம்பரம் எழுதினார்.

“நாங்கள் மருத்துவமனைத் துணி துவைக்கிற கம்பெனி. எங்கள் விரிப்பு நேரத்துக்கு வராவிட்டால் நோயாளி வெறும் மெத்தையில் படுப்பார். எங்கே எத்தனை வேண்டும் என்று முன்னாலேயே சொல்ல ஒருவர் தேவை. எண்ணிக்கைகள் குப்பையாகக் கிடக்கின்றன, முதலில் பெருக்கவேண்டியிருக்கும். பெரிய கம்பெனி அளவுக்குச் சம்பளம் தர முடியாது. இடையில் வேலையை விட்டவர்களும் வரலாம். இன்டர்வியூ துணி பிரிக்கும் கூடத்தில்.”

சின்னவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “அழுக்குத் துணி நடுவுலயா ஆன்ட்டி? ஓடிப்போயிடுவாங்க.”

“இப்ப மட்டும் என்ன வரிசையில நிக்கிறாங்களா தம்பி? ஓடறவங்க முதல் நாளே ஓடட்டும். நாற்காலியத் துடைக்கிற வேலையாவது மிச்சம்.”

ஓடத்தான் செய்தார்கள். மகள் தயாரித்துக் கொடுத்த கேள்விகளில் தேறியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லிவிட்டு விடைபெற்றார். இன்னொருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

கடைசியாக வந்தவர் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக நல்ல வேலையை விட்டவர். அப்பா இறந்தபின் மறுபடி வேலை தேடினால், நடுவில் சில வருடம் காணோமே என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். உருளையிலிருந்து சூடாக வந்த விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய்ச் சிப் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே வந்தவர்களில் துணியைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

திரையில் எண்ணிக்கைகளைக் காட்டினார்கள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது நீங்க அனுப்பின எண்ணிக்கையா, அவங்க கேட்ட எண்ணிக்கையா?”

“அனுப்பினது. வாசல்ல எண்ணுறது.”

“கேட்டது எங்க இருக்கு?”

அம்மா வெளியே வண்டிகள் நிற்கும் பக்கம் கை காட்டினார். “அது வார்டுலேர்ந்து போன்ல சொல்வாங்க. டிரைவர் காதுல வாங்கிப்பாரு.”

“அப்ப அவங்க நூறு கேட்டு நீங்க அறுபது குடுத்திருந்தா, இங்க அறுபதுன்னுதான் இருக்கும். இத வச்சு நான் கணக்குப் போட்டா அடுத்த வாரமும் அறுபது போதும்னு வரும். பற்றாக்குறையத்தான் தேவைன்னு நம்ம கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுப்போம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “எங்கப்பா இருந்த வார்டுல விரிப்பு கிடைக்காத ஆளுங்கள்ல நாங்களும் இருந்திருக்கோம். வீட்டுலேர்ந்து போர்வை கொண்டுபோய் விரிச்சேன். அந்த நாள் இந்த எண்ணிக்கையில இல்ல.”

அம்மா வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். கேள்வியை அப்படியே ஒப்பித்தார்.

“என்னடி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா. என் கேள்வித்தாள்ல இது இல்ல. எனக்குத் தோணவும் இல்ல. அவங்கள விட்டுடாத.”

“விடுறதாவது. கையெழுத்து வாங்காம கேட்டைத் திறக்கமாட்டேன்.”

கையெழுத்து ஆனது. ஆனால் கல்லூரியில் பருவம் முடிந்த பிறகுதான் வரமுடியும். மறுபடியும் அதே கண்டம், காத்திருக்கிற காலம்.

இந்தத் தடவை அம்மா நாற்காலியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. டிரைவர்கள் கையில் வைத்திருக்கும் கருவியில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி, அதை விற்றவரை நச்சரித்தார். “ஆளே இன்னும் வரல, அதுக்குள்ள எதுக்கு ஆன்ட்டி?” என்றார் சின்னவர். “வராட்டியும் அது நல்ல கேள்வி தம்பி” என்றார் அம்மா. பிறகு டீ வேளையில் டிரைவர்கள் நடுவில் போய் நின்றார்.

“இனிமே வார்டுல எத்தன கேக்குறாங்கன்னு இதுல போட்டுட்டுத்தான் துணிய இறக்கணும்.”

“நாங்க என்ன கிளார்க்கா மேடம்?”

“அவங்க வாய்க்கு வந்தபடி கேப்பாங்க. எழுதிட்டா யாரு குடுக்குறது?”

இருப்பவர்களில் மூத்த டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். “டேய், நம்மள வேலைக்கு எடுத்தவங்க கேக்குறாங்க. போட்டுத் தொலைப்போம். ஆனா மேடம், டீ இனிமே உங்க செலவு.”

“டீ மட்டும்தான். பிஸ்கட் உங்க செலவு.”

பருவம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது கண்ணாடிக்காரப் பெண் கூப்பிட்டார். ‘ஹலோ’விலேயே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“மேடம், ஒரு பெரிய கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. உங்க லெட்டரக் காட்டினதும்தான் என்னைத் திரும்பியே பாத்தாங்க. சம்பளம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உங்ககிட்ட மறைக்க மனசு வரல.”

அம்மா எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தார். இவரும் வராவிட்டால் ஏஜென்சி. கெஞ்சிப் பார்க்கலாம். சின்னவரிடம் போய் நிற்கலாம், ஆனால் அவர் எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தொகைக்கு எட்டாது.

“போகணும்னா போங்கம்மா. அப்பாவப் பாத்த செலவெல்லாம் இருக்கும் உங்களுக்கு. தப்பாவே நினைக்கமாட்டேன். முன்னாடியே சொன்னீங்க பாருங்க, அதுவே பெருசு. இன்னொண்ணு. நீங்க வந்தாலும் வராட்டியும் சொல்லணும்னு இருந்தேன். கேட்ட எண்ணிக்கையப் பதிவு பண்ண ஆரம்பிச்சுட்டோம்.”

“என்னது?”

“நீங்க கேட்டீங்களே, அது எங்க இருக்குன்னு. இப்ப இருக்கு.”

“எல்லா ஆஸ்பத்திரிக்குமா?”

“எல்லாத்துக்கும்தான். ரெண்டு டிரைவர் மட்டும் அப்பப்ப மறந்துடறாங்க. திட்டிட்டிருக்கேன்.”

“மறந்த நாளுக்குப் பூஜ்யம் போட்டுடாதீங்க மேடம். காலியா விடச் சொல்லுங்க. ரெண்டும் வேற வேற.”

“சரிம்மா. காலியா விடச் சொல்றேன்.”

போனை வைத்தபின்தான், வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்காமல் விட்டது உறைத்தது. வீட்டில் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதக் கேக்காம வேற என்னதாம்மா பேசின?”

“காலியா விடச் சொல்லுங்கன்னு சொன்னாங்கடி. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.”

தெரியும் என்று சொன்னவர் சேருகிற நாளன்று மேசையை இரண்டு தடவை துடைத்தார். மூன்றாவது தடவை துணியை எடுக்கும்போது வாசலிலிருந்து போன் வந்தது.

“மேடம், சிவப்புக் கண்ணாடி போட்டுட்டு ஒருத்தங்க வந்திருக்காங்க. டேட்டா சயின்டிஸ்ட்டாம். இப்படித்தான் இருப்பாங்களா?”

“இப்படித்தான்யா இருப்பாங்க. உள்ள விடு!”

ஏஜென்சிப் பேச்சு அத்தோடு நின்றது. கண்ணாடிக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரோடு இப்போது மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். மூவரையும் அம்மா அதே கூடத்தில், துணிக் குவியலுக்கு முன்னால் நிறுத்தித்தான் எடுத்தார். அவர்களில் ஒருவர், அன்றைக்கு வராமல் போன அந்த மூன்றாவது ஆள். இரண்டாம் தடவை வந்தபோது தாயாரையும் கூட்டிவந்தார். அந்த அம்மாளைக் கூடம் முழுக்க நடத்திக் காட்டியது அம்மாதான்.

போன மழைக்காலத்தில் அம்மாவே மருத்துவமனையில் படுத்தார். எழுந்து வரவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, நர்ஸ் விரிப்பு மாற்றினார். அம்மா ஒருக்களித்துப் படுத்தபடி அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சிஸ்டர், இன்னைக்கு எத்தன கேட்டீங்க?”

நர்ஸ் மகளைத் திரும்பிப் பார்த்தார். மருந்து மயக்கம் என்று நினைத்திருக்க வேண்டும்.

“விரிப்பைக் கேக்குறாங்க,” என்றாள் மகள். “எத்தன கேட்டீங்க, எத்தன வந்துதுன்னு.”

“அதுவா? கேட்டது கேட்டபடி வந்துடுமே. இங்க அந்தப் பிரச்னையே இல்ல.”

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மாவின் விரல் ஓரத்தை விடவில்லை.

“கேட்டியா?” என்றார் மகளிடம். “நான் எடுத்த ஆளு.”