சரணியா கட்டிய கம்பியூட்டர்

டீட்டிகோன் நகரில் ஒரு பல் டாக்டரிடம் கருவிகளைக் கழுவி, அவித்து, அடுக்கி வைக்கும் வேலை சரணியாவுக்கு. வேலை முடிந்து வந்தால் அவளுக்கு வேறொரு பைத்தியம். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு என்று எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்குவாள். இதுவரை சொந்தக்காரருக்குத்தான் செய்து கொடுத்தாள். இப்போதுதான் முதல் தடவையாக வெளியாள் ஒருவர், தமிழ்க்கடை ஸ்ரீஸ்கந்தராஜா, மகளின் கலியாண வீடியோவை நம்பிக் கொடுத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை வரவேற்பு மண்டபத்தில், ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்க, பெரிய திரையில் படம் ஓட வேண்டும்.

அதற்கென்றே ஒரு கம்பியூட்டர் கட்டினாள். ஆட்கள் கழித்துவிட்ட பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, தானே திருகிப் பூட்டிய பெட்டி. எல்லாம் பூட்டிய பிறகு புது விண்டோஸ் என்ன சொன்னது? இந்தப் பிராசசர் பழசு, இதில் நான் ஏறமாட்டேன் என்றது.

"நான் அப்பவே சொன்னன்தானே," என்றான் கணவன் ஜனார்த்தன். "பேசாமக் கடையில ஒண்டை வாங்குவம்."

"நீங்கள் பேசாம இருந்தாலே போதும். நான் லினக்ஸ் போடப் போறன்."

"அது ஆர்?"

"விண்டோஸ் செய்யிற வேலையை இதுவும் செய்யும். ஆனா பழசெண்டு ஆரையும் துரத்தாது."

"அப்ப எனக்கும் ஒண்டைப் போட்டுவிடும்."

வரவேற்புக்கு ஒரு கிழமை முன்னதான சனிக்கிழமை காலை, ஜனார்த்தனின் மடிக்கணினியில் லினக்ஸை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினாள். உடனே தொடங்கிவிடுவாளா? புதுக்கார் வாங்கினால் பொட்டு வைக்காமல் ஓட்டுவோமா, பெட்டிக்கு மட்டும் என்ன குறை? தலைமுழுகி வந்து சந்தனம் குழைத்தாள். பெட்டியின் முகத்தில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கார்ச் சில்லுக்கு எலுமிச்சை வைப்பதுபோல அடியில் ஒரு தேசிக்காயும் வைத்தாள்.

"என்ன, ஏத்தி மிதிக்கப் போறீரோ?" என்றான் ஜனார்த்தன்.

அவள் பென்டிரைவை முன்பக்கத்தில் செருகிப் பொத்தானை அழுத்தினாள். பென்டிரைவைக் காணவில்லை என்றது திரை. அணைத்துப் போட்டாள். அதே கதை. செட்டிங்கை மாற்றினாள், வேறொரு பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து வயர்களைக் கழற்றி மறுபடி பூட்டினாள். அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராஜா நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

அன்று அவர்களின் வாஷ்டாக், கட்டடத்துப் பொது மெஷினில் துவைக்க அவர்களுக்கு ஒதுக்கிய நாள். நிலவறை மெஷினில் துவைத்த உடுப்புக் கூடையோடு ஏறி வந்த ஜனார்த்தன் எட்டிப் பார்த்தான்.

"மதர்போட் செத்துப்போச்சுப் போல. கடை பூட்ட முதல் வெளிக்கிடும்."

"போறதெண்டா தனியப் போங்கோ."

சொல்லிக்கொண்டே பென்டிரைவை வெடுக்கென்று இழுத்தாள். நுனி மஞ்சளாக இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கோயில் வாசம்! குனிந்து பார்த்தாள். தான் அப்பிய சந்தனம் வழிந்து, முன்பக்கத் துளை இரண்டையும் அடைத்துக் காய்ந்து கிடந்தது.

அவள் நுனியைத் துடைத்து, பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் துளையில் செருகினாள். திரை பளிச்சென்று விரிந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இருந்தது. அதையே தொட்டாள். கலியாண வீடியோ இருந்த டிஸ்க்கை முன்னமே கழற்றி வைத்திருந்ததால் பயமில்லாமல் "நிறுவு" என்பதை அழுத்தினாள். கோடு நிரம்பி, பெட்டி அணைந்து, மறுபடி எழும்பியபோது திரையில் அவள் பெயர் தமிழில் நின்றது. டிஸ்க்கைப் பூட்டினாள். திரையில் மணப்பெண் சிரித்தாள்.

"என்ன செய்தனீர்?" ஜனார்த்தன் கூடையை வைக்கக்கூட மறந்து நின்றான்.

"சந்தனம் கொஞ்சம் கூடிப்போச்சு."

அவன் சிரித்த சிரிப்பில் துவைத்த உடுப்பெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. அந்தச் சந்தனம் வைச்சபடியால்தான் வேலை செய்யுது," என்றாள் அவள். துளைகளை மட்டும் துடைத்தாள். பொட்டைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் படம் ஒரு இடத்திலும் திக்காமல் ஓடியது. தாலி கட்டுகிற இடத்தில் சனமெல்லாம் எழும்பிக் கைதட்டியது. ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, சின்னவளின்ரை கலியாணமும் உனக்குத்தான்!"

"நாங்கள் வீட்டிலேயே கட்டின கம்பியூட்டர், அண்ணை," என்று நெஞ்சை நிமிர்த்தினான் ஜனார்த்தன்.

"நாங்களோ?" என்றாள் சரணியா.

"பின்னே? தேசிக்காய் வாங்கினது ஆர்?"