டெல்மரும் நானூற்றுப் பதினேழாவது வண்டியும்

டெல்மர் ஹாஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், போன வருடம் ஏப்ரலுக்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்லக் கூடாது.

ராப்பிட் சிட்டியில் முப்பது வருடம் தரைவிரிப்புக் கடை நடத்தியவன் அவன். நான் அதே ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், பெயர் மார்வா. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்பது பேர் மோட்டார் சைக்கிளில் மலைக்குள் போய் மத்தியானம் திரும்புவோம். முன்னால் ரோஸ்கோ போவான். கடைசியில் டெல்மர் வருவான். கடைசியில் வருகிறவனை நாங்கள் ‘வால்’ என்போம். வால் யாரையும் முந்தக் கூடாது. யார் நின்றாலும் அவனும் நிற்க வேண்டும். ஸ்பானர், பஞ்சர் பசை, கட்டுத்துணி எல்லாம் அவன் பையில்தான் இருக்கும். வால் இருக்கிற தைரியத்தில்தான் முன்னால் போகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் போவார்கள்.

பதினோரு வருடம் டெல்மர் வாலாக இருந்தான். அவனைப் போல் ஒரு வால் கிடையாது. ஒரு ஜூலையில் ரோஸ்கோவின் வண்டி பெல்ட் அறுந்து நின்றபோது, முட்டை முட்டையாக ஆலங்கட்டி விழுந்த வெட்டவெளியில் நாலு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருந்தான். முதுகெல்லாம் கன்றிப்போய்த்தான் வீடு வந்து சேர்ந்தான். அப்போது அவனிடம் இருந்தது சாதாரண வண்டி, நசுங்கிய பெட்டியோடு. நல்லது முடிந்தது.

கடையை விற்ற கையோடு அந்தப் புது வண்டியை வாங்கினான். எங்கள் பக்கத்தில் வண்டியை வாங்கி, அவரவர் கொட்டகையில் வைத்து, அவரவர் ருசிக்கு மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். என் டாங்குக்கு நானே பெயின்ட் அடித்தேன், வழிந்த இடம் இன்னும் தெரியும். அந்த வேலையைக் கம்பெனியே செய்து, பெரிய எஞ்சினும் வைத்து, எண் பொறித்த தகடு ஒட்டி, ஏறக்குறைய இரண்டு பங்கு விலைக்கு விற்கிறது. அந்தக் காசில் சாதாரண வண்டி ஒன்றை வாங்கி, மீதியில் ஆயுசுக்கும் பெட்ரோல் போடலாம்.

முதல் ஞாயிறு அதைக் கொண்டுவந்து நிறுத்தினான். கத்தரிப்பூ நிறம், உள்ளே பொன் தூள். எங்கே பார்த்தாலும் குரோம். “நாட்டுலயே இது கொஞ்சம்தான் மார்வா. என்னுது நானூத்திப் பதினேழு” என்றான்.

“மத்த நானூத்திப் பதினாறும் எப்படி இருக்கும்?”

“இதே மாதிரிதான்.”

“அப்புறம் இதுல உனக்குன்னு என்னய்யா இருக்கு?”

என் மூச்சுப் பட்ட இடத்தைத் துணியால் துடைத்தான்.

அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். டெல்மர் பட்டப்பகலில் பிடித்தான். சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோரம்தான் உட்காருவான். தட்டில் பன் மாதிரி பிஸ்கட்டும் அதன் மேல் ஊற்றிய கிரேவியும் ஆறிக் கெட்டியாகிக் கிடக்கும், கண் மட்டும் வெளியே வண்டி மேல் இருக்கும். அந்தப் பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு என் பஸ் வேகத்தைத் தாண்டவில்லை. ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸ் ஊரில் உலகத்து மோட்டார் சைக்கிளெல்லாம் கூடுகிறபோது, அதே கத்தரிப்பூ வண்டி ஒரே தெருவில் மூன்று நின்றது. மூன்று சொந்தக்காரர்களும் கூடி நின்று எண்ணைச் சொல்லி, ஒருவர் வண்டியை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ‘உன் சட்டை நல்லா இருக்கே’ என்று சொல்லிக்கொள்வதை என் பஸ்ஸில்கூட நான் கேட்டதில்லை.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் மே மாதமே வால் பையைக் கொண்டுவருவதை அவன் நிறுத்திவிட்டான். பையின் வார் குரோமைக் கீறுமாம். ரோஸ்கோ கேட்டதற்கு, வண்டியோடு கம்பெனி ஒரு அட்டை கொடுத்திருக்கிறது, கூப்பிட்டால் இழுத்துப்போக லாரி வரும் என்றான். நாங்களும் சிரித்தோமே தவிர, அன்றைக்கே வாலை அவனிடமிருந்து பிடுங்கவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது, என்னுடையதும்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. நெமோ ஊரைத் தாண்டி ரோட்டைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். இரண்டு மைலுக்கு வெறும் சரளைக்கல். ஏழு பேர் முன்னால் போய்விட்டார்கள். எட்டாவதாக நான் நிதானமாகப் போனேன். அரை மைல் போனதும் முன்சக்கரம் வழுக்கி, வண்டி என் இடது கால் மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

எனக்குப் பயமில்லை, அதுதான் வேடிக்கை. ஒரு நிமிஷத்தில் டெல்மர் வந்துவிடுவான் என்று கிடந்தேன். அங்கே போன் எடுக்காது. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. அவனுக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, அந்த வலியிலும் அவனுக்காக வேண்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசியில் எதிர்ப்பக்கமிருந்து மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பிக்கப்பில் வந்து, வண்டியை நிமிர்த்தி என்னைத் தூக்கிப்போனார். முன்னால் போனவர்கள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, வால்தான் கூட இருக்கிறானே என்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சரளை தொடங்கும் முன்பே வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அதனால் திரும்பிவிட்டேன் என்று டெல்மர் அன்று ராத்திரிதான் ரோஸ்கோவுக்குப் போன் பண்ணியிருந்தான். காலில் ஆறு திருகாணி போட்ட மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம், கடையில் வாங்கியது. விளக்குக் கதையை எனக்கும் சொல்ல ஆரம்பித்தான்.

“டெல்மர், நான் மயக்க மருந்துல இருக்கேன், முட்டாளா ஆயிடல” என்றேன்.

கொண்டுவந்ததை ஜன்னலோரம் வைத்தான். பிறகு சொன்னான்.

“கல்லு தெறிச்சா பெயின்ட் போயிடும்னு நின்னுட்டேன். நீ விழுந்ததைப் பாத்தேன்.”

“பாத்தியா?”

“நீ எந்திரிச்சிடுவேன்னு நெனச்சேன். எந்திரிக்கல. நடந்து வரலாம்னு பாத்தா வண்டிய ரோட்டுல தனியா விட்டுட்டு வர மனசு வரல. அப்புறம் நேரமாயிடுச்சு. இவ்வளவு நேரம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு... பிக்கப் உங்கிட்ட நின்னதும் கிளம்பிட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

நாற்பது நிமிஷம் நான் கல்லில் கிடந்தேன், அவன் வண்டிக்குக் காவல் நின்றான். அந்தப் பலகாரத்தை அப்படியே அவன் மேல் எறிந்திருப்பேன், கை எட்டவில்லை. “மத்தவங்ககிட்ட சொல்லுவியா?” என்று கேட்டான். நான் சொல்ல மாட்டேன், நீயே போய்ச் சொல்லு என்றேன்.

சொன்னான் என்று பிறகு ரோஸ்கோ வந்து சொன்னான். ஞாயிறு காலை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னானாம். அதற்காக அவனை மெச்ச நான் தயாராக இல்லை. வண்டியையும் அவன் விற்கவில்லை. இரண்டு பங்கு கொடுத்து வாங்கியதைப் பாதிக்குத்தான் கேட்கிறார்களாம். அலங்காரத்துக்குக் கொடுத்த காசு கடை வாசலைத் தாண்டியதுமே போய்விட்டது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மே மாதம் நான் மறுபடி வண்டியில் ஏறினேன். இனி யார் வால் என்று ரோஸ்கோ கேட்டதும், நான்தான் என்றேன். யாரையும் நம்பி இன்னொரு முறை முன்னால் போக என்னால் முடியாது. டெல்மரை எனக்கு முன்னால், எட்டாவதாகப் போட்டார்கள். ஞாயிறுதோறும் அந்தக் கத்தரிப்பூப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன். அவன் விழுந்தால் நான் நின்றாக வேண்டும், தூக்கியாக வேண்டும். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

போன வாரம் ஹில் சிட்டிக்கு அந்தப் பக்கம் ரோட்டு வேலை நடந்தது. மறுபடி சரளை. ஏழு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். டெல்மர் தார் முடிகிற இடத்தில் நின்றுவிட்டான். வால் முந்தக் கூடாது, நானும் பின்னால் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காலில் திருகாணி போட்ட இடம் குத்தியது.

“நான் திரும்பிப் போயிடறேன் மார்வா. நீ போ” என்றான், முகத்தைத் திருப்பாமலே.

“நீ திரும்பினா நானும் உன் பின்னாடியே திரும்பணும். அவங்க ஏழு பேருக்கும் பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோ.”

அவன் டாங்கைப் பார்த்தான். அதன் மேல் கையை வைத்தான். பிறகு முதல் கியரைப் போட்டு, கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு, நத்தையாகச் சரளைக்குள் இறங்கினான்.

கல் தெறித்து அந்த வண்டியில் ஒவ்வொன்றாகப் பட்டது. பொய் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு சத்தமும் எனக்கு இனித்தது. அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் இரண்டு மைலும் அவன் சக்கரத்தை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை.