சிவப்பு ஒட்டிய படங்கள்

என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜிடம் யாராவது "நல்ல படமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வந்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பச்சைத் தாள் ஒட்டிய கேசட் ஒன்றை உருவிக் கொடுப்பார். அதில் முதல் காட்சியில் அழ ஆரம்பிக்கிற தாய் கடைசிக் காட்சியில்தான் மூக்கைச் சிந்துவாள். வாங்கிப் போனவர் மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

எங்கள் வீட்டில் அலமாரி நிறையக் கேசட் இருந்தது. பிறகு சிடி வந்தது, அதுவும் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று நிறத்தில் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அவருக்கு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. எந்த நம்பர் நூல் என்று தெரிவதற்கு அங்கே நூல் சுற்றுகிற கோனுக்கு நிறம் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பச்சை என்றால் யாரும் பார்க்கலாம். மஞ்சள் என்றால் நடுவில் ஓட்டிவிட வேண்டிய இடம் உண்டு. சிவப்பு என்றால் எங்கள் மகள் ஜெஸ்ஸி பார்க்கவே கூடாது. கதைக்கோ நடிப்புக்கோ அவரிடம் மார்க் கிடையாது.

காரணம் ஜெஸ்ஸியின் வலிப்பு. தொண்ணூற்றாறில் அவளுக்கு ஒன்பது வயது. டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டில் கலர் விளக்குகள் பளிச் பளிச்சென்று அடித்தன. ஜெஸ்ஸி பாயிலேயே விறைத்துச் சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நசீம் பானு சாவிக்கொத்தோடு ஓடிவந்து பிள்ளையின் கையில் திணித்தாள். பூட்டுக்குப் பேர் போன எங்கள் ஊரில் சாவிக்கா பஞ்சம். சாவி கொடுப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிறகு மதுரை டாக்டர் சொன்னார். "மின்னி மின்னி அடிக்கிற வெளிச்சம் பிள்ளைக்கு ஆகாது. அப்படி ஏதும் வந்தா ஒரு கண்ணப் பொத்திக்கச் சொல்லுங்க. மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. டிவிய இருட்டுல பாக்க விடாம, லைட்டப் போட்டு, தள்ளி உக்கார வைங்க" என்றார்.

அன்றோடு இந்த மனிதருக்கு நிம்மதி போயிற்று. தியேட்டர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாகச் சொந்த டெக் வாங்கி, வீட்டிலேயே படம் சேர்க்க ஆரம்பித்தார். டிவிக்கு நேர் மேலே புதிதாக ஒரு டியூப் லைட் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் புதுப் படத்தை முதலில் தனியாகப் பார்ப்பார். பரீட்சை எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். இடி மின்னலோடு பாட்டு வந்தால் சிவப்பு. வெல்டிங் பட்டறையில் சண்டை நடந்தால் சிவப்பு. ஒரு நல்ல காமெடிப் படம், கடைசியில் போலீஸ் ஜீப் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்த குற்றத்துக்காகச் சிவப்புக்குப் போனது.

உறவுக்காரர்களிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. பெண் பிள்ளையை நாளைக்கு ஓரிடத்தில் கொடுக்க வேண்டுமே என்று எனக்குப் பயம். அதனால் சிவப்பு என்றால் ஆபாசப் படம் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். என் கொழுந்தன் நைசாக ஒன்றைத் தூக்கிப் போய், "என்ன மதினி, செவப்புல ஒண்ணுமே இல்ல, ஒரே மழையாப் பெய்யுது" என்று கொண்டுவந்து வைத்தான்.

ஒரு படத்தைத் தேடுவது இன்னும் பெரிய கூத்து. பெயர் சொன்னால் இவருக்குத் தெரியாது. "மூஞ்சில டார்ச் அடிப்பானே, அதா?" என்பார். "கல்யாண வீட்ல சீரியல் லைட்டு ஓடுமே, அந்தப் படமா?" என்பார். ஒவ்வொரு படமும் அவர் மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது.

"பேரு வரிசைல அடுக்குங்கப்பா" என்று ஜெஸ்ஸி கெஞ்சுவாள்.

"பேரா பாப்பா ஒன்னையத் தள்ளிவிடுது?" என்பார்.

இவ்வளவு பார்த்தும் அவள் விழுந்தாள். அதுவும் பச்சைப் படத்தில், ஒரு கிழவர் கஞ்சி குடிக்கிற காட்சியில். இவர் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "கஞ்சி குடிக்கிறதுல எங்க மின்னுது புஷ்பம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பச்சையை உரித்துச் சிவப்பு ஒட்டினார். பிறகு ஒரு சாமி படத்தில் விழுந்தாள். அதையும் மாற்றினார். வருஷம் போகப் போகப் பச்சை வரிசை இளைத்துக்கொண்டே வந்தது. தன் கண்ணில்தான் கோளாறு, மின்னுவது தனக்குத் தெரியவில்லை என்று பயந்து போய்க் கண்ணாடி கூட வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஜெஸ்ஸி பிளஸ் டூ முடித்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். இவர் முடியவே முடியாது என்றார். "அங்க டிவி இருக்கும். எவ எந்தப் படத்தப் போடுவான்னு நான் கண்டேனா?" ஜெஸ்ஸி சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கு இருவர் மேலும் கோபம். அனுப்பவும் பயம், அவள் ஆசையை அமுக்கி வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம்.

கடைசியில் அவளே உடைத்தாள். "ஒங்க செவப்புப் படம் அம்புட்டையும் நான் பாத்துட்டேன்ப்பா. பானு அத்தை வீட்ல. மின்னுற எடத்துல டாக்டர் சொன்ன மாதிரி ஒரு கண்ணப் பொத்திக்குவேன். அங்க ஒரு தடவை கூட விழல."

அடித்துவிடுவாரோ என்று நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் செருப்புக் கூடப் போடாமல் நசீம் பானு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணே, புள்ள ஆசப்பட்டுச்சு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்று குழறினாள். இவர் அவளைக் கவனிக்கவே இல்லை. டிவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அண்ணாந்து மேலே பார்த்தார்.

"இங்க என்ன லைட்டும்மா?"

"குண்டு பல்புதாண்ணே. இந்த வோல்டேஜுக்கு டியூப் லைட்டு எங்க எரியுது?"

நாங்கள் திரும்பி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் கிரைண்டரும் ஓடிக் கரண்ட் இறங்கியிருந்தது. எங்கள் டியூப் லைட் பட் பட்டென்று துடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் அது துடிக்கும். விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாங்கள் படத்தைப் பார்ப்போம். டிவிக்கு ஸ்டெபிலைசர் இருந்ததால் படம் ஆடாது. லைட்டைப் போடச் சொன்ன டாக்டர் பேச்சைத் தட்டாமல், பிள்ளையின் கண்ணுக்கு நேராகவே போட்டு வைத்திருந்தோம்.

மில்லில் நூல் அறுந்தால் பஞ்சைப் பார்க்கிறவர், மெஷினைப் பார்க்கிறவர், காற்றில் ஈரம் எவ்வளவு என்று கூடப் பார்க்கிறவர், வீட்டில் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். டியூப் லைட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. ஆனால் காரணம் கிடைத்துவிட்டதில் அவர் முகம் மறுநாளே தெளிந்துவிட்டது. "இனிமே விழ மாட்டா" என்று ஹாஸ்டலுக்குச் சம்மதித்தார். சேர்க்கப் போன அன்று ஒவ்வொரு விளக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில், வார்டன் அவரை எலெக்ட்ரீஷியன் என்று நினைத்து ஃபேன் ஓடவில்லை என்று சொன்னார்.

மழைக்காலத்தில் ஹாஸ்டலில் இருந்து போன் வந்தது. ஜெஸ்ஸி விழுந்துவிட்டாள். கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பெட்டியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம்.

ஜெஸ்ஸி கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் கொஞ்சம் வீங்கியிருந்தது. நான் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. விசாரித்தார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

"ஒண்ணும் பாக்கலப்பா. தலை சீவிக்கிட்டு இருந்தேன்."

"லைட்டு?"

"காலைல எதுக்குப்பா லைட்டு?"

"மாத்திரை? தூக்கம்?"

"போட்டேன். தூங்குனேன். டாக்டர்ட்டயும் காட்டியாச்சு. சில நேரம் சும்மாவே வருமாம்ப்பா."

அவர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப நான் எதத்தான் பாப்பா பாத்து வைக்கிறது?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"எதையும் பாக்க வேணாம்ப்பா. புள்ளைங்க ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க. நான் எந்திரிச்சுட்டேன்ல? மத்தியானம் கிளாஸ் இருக்கு, போகணும்."

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுக்கக் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் தனியாகத்தான் திரும்பினோம். ஊர் நெருங்கி, பஸ் சின்னாளப்பட்டியைத் தாண்டும்போது, "அவ விழுறப்ப நாம கூட இருக்க மாட்டமே புஷ்பம்" என்று சொல்லி, பக்கத்தில் ஆள் இருப்பதைக் கூடப் பார்க்காமல் அழ ஆரம்பித்தார். இருக்க மாட்டோம்தான். எனக்கும் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.