திங்கட்கிழமைக்குள் ஒரு டிஸ்க்

சிதம்பரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரு லேப்டாப்பும் அதில் நான் செய்த வேலையும்தான். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை. கம்பெனி சென்னையில், நான் எங்கள் நடு அறையில். மாமனாருக்கு அந்த வேலையைக் கண்டாலே ஆகாது. மருமகள் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. செய்தி கேட்டதும் அவர் முகத்தில் வந்த தெளிச்சியை நான் மறக்கவில்லை.

"அதுவே ஓய்ஞ்சி போச்சு. நீயும் வுட்டுடும்மா. ஊட்டு வேலையே தலைக்கு மேல கெடக்குது" என்றார்.

மேலாளரம்மாவுக்குப் போன் செய்தேன். கோப்புகளெல்லாம் கம்பெனியின் சர்வரில் பத்திரமாக இருந்தன, அதனால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை. திங்கட்கிழமை காலையில் நான் லாகின் ஆகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

என் கணவருக்குக் கடலூரில் வேலை. அங்கே ஒரு கடையில் பேசி, என் கணக்கிலிருந்தே பணம் அனுப்பி, வரும்போது புது டிஸ்க்கை வாங்கி வரச் சொன்னேன். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, ஒரு மெஷினில் போட்டுக் காட்டித்தான் கொடுத்தாராம். சாயங்கால பஸ்ஸில் கணவர் அதைக் கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் சாமி படத்துக்கு முன்னால்தான் போகும், மிக்ஸி ஜாடி ஆனாலும் சரி, வண்டிச் சாவி ஆனாலும் சரி. சனிக்கிழமை காலையில் அங்கிருந்துதான் எடுத்தேன். வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

திருகுகளைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினேன். டிஸ்க் எதுவும் இல்லை என்றது லேப்டாப். கழற்றி மாட்டினேன். இல்லை. செட்டிங்கில் இருந்ததையெல்லாம் மாற்றி, திரும்ப மாற்றினேன். பேட்டரியைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. சனியன் சூடாகச் சூடாகச் சந்தன வாசனைதான் அடித்தது. சாமி அறையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஓட்டிக் காட்டிதான் குடுத்தேன். உங்க மெஷின்லதான் எதுனா கோளாறு இருக்கும்."

"கோளாறு உங்க சரக்குலங்க. செத்ததைத் தலையில கட்டிட்டு இப்ப மெஷினைக் குத்தம் சொல்றீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது. ஷிப்டில் இருந்த கணவரை அழைத்தேன். "கழட்டி மாட்டிப் பாரேன்" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன். சாப்பாட்டுக்கு வந்த மாமனார் என் மேசையில் கிடந்த திருகுகளைப் பார்த்தார்.

"தேறாதுன்னு தெரிஞ்சும் ஏன் அதோட மல்லுக்கட்டுற? கொழம்புல உப்பு இல்ல பாரு."

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை திறந்ததும் கடைக்காரர் மூஞ்சியில் விட்டெறிவதற்காகத்தான் டிஸ்க்கைக் கடைசி முறையாகக் கழற்றினேன். அதற்குள் வேலை போயிருக்கும், ஆனாலும் எறிந்தே தீருவது என்று இருந்தேன். உறையில் போடும்போது மறுபடி அந்த வாசனை. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் டிஸ்க்கிலிருந்தே வந்தது.

ஜன்னலோரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். லேப்டாப்புக்குள் சொருகும் விளிம்பில், உள்ளே போய்த் தொட வேண்டிய தங்க நிறக் கம்பிக் கோடுகளின் மேல், மஞ்சளாகக் காய்ந்துபோய் ஒரு பொட்டு. தங்கத்தின் மேல் மஞ்சள், எப்படித் தெரியும்? டிஸ்க் வந்த அன்றைக்கு வீட்டில் குங்குமம் தீர்ந்திருந்தது. சிவப்பாக ஒரு துளி இருந்திருந்தால் முதலிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு போய் மாமனார் முன்னால் நின்றேன்.

"மாமா, இதுல பொட்டு வெச்சது நீங்களா?"

"ஆமா. புதுப் பொருளுக்குப் பொட்டு வெக்காம வுடுவாங்களா? சுத்திச் சுத்திப் பாத்தேன், எல்லாப் பக்கமும் மழுமழுன்னு ஒண்ணாட்டம் இருந்துது. இங்கதான் பளபளன்னு இருந்துது. இதான் மொகம்னு வெச்சேன்."

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

"என் வேலையே உங்களுக்குப் புடிக்காதே. அப்புறம் என்னாத்துக்கு வெச்சீங்க?"

"வேல புடிக்காதுதான். அதுக்காவ பொருளு கெட்டுப் போவணுமா? எம்புள்ள சம்பாரிச்சு வாங்கியாந்தது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு நாளாகப் பட்ட பாடுகூட அப்படி எரியவில்லை.

"அவரு தூக்கிட்டு வந்தாரு, அவ்ளோதான். வாங்குனது நான். என் சம்பளத்துல."

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பென்சில் ரப்பரால் கோடுகளைத் தேய்த்தேன். லேப்டாப்பின் உள் வாயையும் காய்ந்த டூத் பிரஷ்ஷால் துடைத்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாட்டி, பொத்தானை அழுத்தியதும் டிஸ்க்கின் பெயர் திரையில் வந்துவிட்டது. அழுகை வந்தது, ஆனால் அந்த வீட்டில் அப்போது அழுவதாக இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். கடைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை, அதையும் நான் தப்பு சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை என் பெயர் மேலாளரம்மாவின் பட்டியலில் பச்சையாக எரிந்தபோது, வாசலில் மாமனார் குமராட்சியிலிருந்து வந்த உறவுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு உசுரே இல்லாம கெடந்துது மச்சான். சாமிகிட்ட வெச்சி எடுத்த பொருளு, வுட்டுடுமா? எழுந்துக்கிச்சி."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டை ஒரு சுற்று வந்தார். பீரோ, வண்டி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டே வந்தவர், என் அறை வாசலில் நின்றார். விரலில் சந்தனம் காய ஆரம்பித்திருந்தது.

"உன் பொட்டிக்கு எங்கம்மா வெக்கட்டும்?"

உன் பொட்டி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் எனக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. மேசைக் காலைக் காட்டினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.