அலை விழுந்த பலகை

போன கிழமை மகள் மேசை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனாள். எனக்குக் கண்ணில் புரை. கடைக்குள் எல்லாம் மங்கல்தான். அதனால் ஒரு மேசைப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தேன். அலையலையாக இருந்தது. சரியாகச் சீவவில்லையே பிள்ளை என்று கடைப் பெண்ணிடம் சொன்னேன். "அது டிசைன் அங்கிள். அப்பிடித்தான் அச்சடிச்சு வாறது" என்றாள். மகள் என்னை ஒரு கதிரையில் கொண்டுபோய் இருத்திவிட்டாள். அங்கே இருந்தபோதுதான் ஹனீபா ஓடாவியாரின் நினைவு வந்தது. தச்சுவேலை செய்பவரை நாங்கள் ஓடாவியார் என்போம். அவருடைய நினைவு வந்தால் லேசில் போகாது. களைப்பாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் துறைமுகத் தளத்தை விட்டுப் போன காலம். நான் அங்கே களஞ்சியத்தில் கிளாக்கர். வருகிற சாமான்களைக் கண்ணால் பார்த்துப் பழுது பிடிப்பது என் வேலை. பழுது கண்டால் வெண்கட்டியால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. அதற்கு மேல் பேச்சில்லை, சாமான் திரும்பிப் போகும். இருபத்துமூன்று வயதுக்காரன் ஒருவனிடம் அப்படியொரு வெண்கட்டியைக் கொடுத்தது யாருடைய புத்தியோ தெரியாது. நான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதிகாரிகளின் விடுதி ஒன்றைக் கழற்றியபோது வெள்ளைச் சாயம் பூசிய தடுப்புப் பலகைகளைப் பழைய மரமென்று விற்றார்கள். எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அலுமாரிக் கதவுக்கு ஆகுமென்று நாலு பலகை வாங்கினேன். பேர்ச் என்ற குளிர்தேச மரமாம், களஞ்சியத்தில் ஒருவர் சொன்னார். சாயத்தைச் சுரண்டினால் பால் கூடிய தேத்தண்ணி நிறம், மூக்கை வைத்தால் மெல்லிய இனிப்பு வாசனை. அந்த வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

ஹனீபா அக்கரைக் குறிஞ்சாக்கேணிக்காரர், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். தகப்பனோடு தோணி கட்டும் வேலை செய்துவிட்டு, டவுனில் தனியாகப் பிடித்த முதல் வேலை என் அலுமாரிதான். காலையில் சீவுளியும் உளிகளும் கட்டிய சாக்கோடு கிண்ணியாவில் பாதை ஏறி வருவார். ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். இந்த அலுமாரி நன்றாக அமைந்தால் பக்கத்தில் நாலு வீடு கூப்பிடும் என்று அவர் நம்பியிருந்தார். அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தார்.

முதற் பலகை சீவிய அன்று கந்தோர் நண்பர்கள் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தேன். பின்னேர வெயில் சாய்வாக விழுந்தது. பலகை முழுக்கக் குறுக்கே அலை அலையாகக் கோடு, காற்று அடித்த மணல் மாதிரி. சீவுளி துள்ளியிருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"கையால தடவிப் பாருங்க கிளாக்கர். மேடு இல்ல, பள்ளம் இல்ல. மரத்துக்குள்ள நார்தான் வளைஞ்சு ஓடுது. முதிரையிலயும் ஒண்டு ரெண்டு மரத்துல இப்பிடி விழும்."

காட்டுவதற்காகக் கொஞ்சம் தண்ணீரும் தெளித்தார். அலை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பார்த்தீர்களா என்று நான்தான் நண்பர்களிடம் கேட்டேன். கண் இருக்கக் கை எதற்கு என்றும் சொன்னேன். பலகையில் ஒரு புள்ளடி போட்டேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அவர் திரும்பச் சீவினார். அலை போகவில்லை. எத்தனை தரம் சீவினாலும் போகாது, அது மரத்தோடு வளர்ந்தது. இரண்டாம் புள்ளடி போட்டேன், பிறகு மூன்றாவதும். மரத்தை உலர்த்தும் கச்சான் காற்று வீசிய நாட்கள் அவை. மெலிந்துபோன பலகை ஒரு மத்தியானம் நீளத்துக்கு வெடித்தது. அவர் ஆயுதங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார். சீவத் தெரியாத ஓடாவி என்று நான் ஒரு கிழமை கந்தோரில் கதை சொன்னேன். அந்த நாலு வீடும் அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு வேறொருவர் தேக்கில் கதவு போட்டுத் தந்தார்.

வெடித்த பலகையில் ஒரு துண்டை என் மனைவி தண்ணீர்ப் பானைக்கு மூடியாக்கினாள். கலியாணமாகி ஒரு வருடமிருக்கும். ஒருநாள் காலை அதைக் கழுவி யன்னலடியில் திருப்பித் திருப்பிக் காயவைத்தாள். திருப்பும்போதெல்லாம் கறுப்பாயிருந்த வரி வெளுத்தது, வெளுத்திருந்தது கறுத்தது. உண்மையான பள்ளமென்றால் இடம் மாறுமா? துண்டை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

குறிஞ்சாக்கேணிக்குப் போக எனக்கு இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஹனீபா வண்டிச் சக்கரம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார், தேத்தண்ணி தந்தார். பிழை என்னுடையது என்று சொன்னேன். டவுனுக்கு வாருங்கள், எல்லோரிடமும் நானே சொல்கிறேன் என்றேன்.

"ஏலாது கிளாக்கர். நீங்க நாலு பேருக்குச் சொல்லுவீங்க. அந்த நாலு பேர் சொன்ன நாப்பது பேருக்கு ஆரு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் எழும்பும்போது மட்டும் அந்த மரத்தில் துண்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா, ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

நான் கொண்டுபோகவில்லை. மாற்றல், பிள்ளைகள், காய்ச்சல் என்று சாட்டுச் சொல்ல எனக்கு எப்போதுமே பஞ்சமில்லை. பிறகு நாடு கெட்டது, போக்குவரத்தும் கெட்டது. ஒருநாள் கிண்ணியாக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். ஹனீபா மௌத்தாகி வருடக்கணக்காகிறது என்றார்.

இப்போது கிண்ணியாவில் அந்த மிதவைப் பாதை இல்லை, பாலம் இருக்கிறது. குறிஞ்சாக்கேணிக்குப் போக ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். காட்டுவதற்கு ஆளில்லை. துண்டு மட்டும் என் கட்டிலருகே இருக்கிறது. கடையிலிருந்து வந்ததும் அதை எடுத்து யன்னலடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அலை என் கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவினேன். மேடு இல்லை, பள்ளம் இல்லை.