இரண்டு விரல் மிச்சம்

மூன்றாவது தடவையாகக் கோப்பையைத் துடைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார் மூக்கர். திருப்தியில்லை. மறுபடியும் துணியை எடுத்தார். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை துடைக்கிற மஞ்சள் துணி அது. வாரமெல்லாம் ஊராரின் பார்வைக்கு உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பீர்க் கோப்பையின் சேவகத்துக்கு வந்துவிடும்.

"அந்தக் கோப்பைக்கு என்ன பார்வைக் குறைவா? இப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க" என்றார் மனைவி, காய் நறுக்கியபடியே.

"எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நுரை நிக்காதும்மா."

"உங்க சட்டைக் காலர்ல மட்டும் பிசுக்கு நிக்கலாமாக்கும்."

மூக்கர் கோப்பையைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் தேய்த்தார். பீர் ருசி பார்க்கப் போகிற நேரத்தில் அவர் சண்டைக்குப் போவதில்லை. வாய் கசந்துவிடும் என்பார்.

மூக்கர் என்று பெயர் வைத்தவர் அவருடைய தாய்மாமன். அலமாரிக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்திருந்த சுருட்டை, ஆறு வயதில் மோந்து பிடித்து வீட்டுக்கே காட்டிக் கொடுத்தார் இவர். அன்று மாமன் வயிற்றெரிச்சலில் கூப்பிட்ட பெயர். மாமனும் போய்ச் சேர்ந்தார், சுருட்டும் போயிற்று, பெயர் மட்டும் உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு அவர் கண்ணாடிக் கடை வைத்தபோது, பெயருக்கேற்ற தொழில் என்று ஊரே சிரித்தது.

பதினோரு வருடமாக வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அரைப் பத்தி எழுதுகிறார். சின்னச் சின்னக் கூடங்களில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீர்களைக் குடித்துப் பார்த்துச் சொல்கிற பத்தி. மோந்து பார்க்கும் முன் தம்முடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். "கண்ணு ஒரு முந்திரிக்கொட்டை. மூக்கு வாயைத் திறக்கிறதுக்குள்ள அது பேசி முடிச்சிடும்" என்பது அவர் கட்சி.

அவர் படிப்பு எட்டாவதோடு சரி. மற்ற எழுத்துக்காரர்கள் எடுத்துவிடுகிற பெரிய பெரிய வார்த்தைகள் அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாகச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பீரைப் பற்றி, 'சின்னச் சித்தப்பா மாதிரி. வாசலில் வரும்போது ஏக ஆரவாரம். உள்ளே வந்து உட்கார்ந்தால் பேச்சே இல்லை' என்று எழுதினார். இன்னொன்றுக்கு, 'பெரிய அத்தை மாதிரி. இனிப்பாகத்தான் விசாரிக்கும், கசப்பு, அது விடைபெற்றுப் போன பிறகுதான் தெரியும்.' பெரிய அத்தை இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. மூன்றாம் வருடம் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏண்டா, அப்புறம் என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே?" என்று கோபித்துக்கொண்டார்.

மனைவி மட்டும் அந்தப் பத்தியில் வந்ததே இல்லை. கேட்டால், "உன்னை அரைப் பத்தியில அடக்க முடியுமா?" என்று நழுவிவிடுவார்.

இன்னொரு பழக்கம். எந்தக் கோப்பையையும் அவர் முடித்ததில்லை. அடியில் இரண்டு விரல் உயரம் மிச்சம் வைத்து, சன்னலோரத் தொட்டியில் ஊற்றிவிடுவார். "ருசி சொல்றவன் பாதியில நிறுத்தணும். முடிச்சிட்டா குடிக்கிறவன் ஆயிடுவான்." அந்தத் தொட்டிச் செடி கண்டபடி தழைத்துச் சன்னலையே மறைக்கப் பார்க்கிறது. "நிதானமில்லாம வளருது பாருங்க" என்பார் மனைவி.

இந்த ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் இருந்த ஆறு பாட்டில்களும் கொஞ்சம் வில்லங்கமானவை. மைத்துனனின் முதல் சரக்கு. மனைவிக்கு ஒரே தம்பி. மூன்று வேலைகளைப் பாதியில் போட்டுவிட்டு, பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து, எஃகுத் தொட்டிகள் இறக்கி, வாரக்கணக்கில் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்துகிற கறுப்பு லாகர் பீர் காய்ச்சியிருந்தான். சனிக்கிழமை திறப்பு விழா. முந்தின நாள் பத்திரிகை வரும். மூக்கர் நாலு நல்ல வார்த்தை எழுதினால் கிடங்கு நிறையும்; முகம் சுளித்தால் இந்த வேலையும் மூன்றோடு நாலாகப் போய்ச் சேரும். அது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மைத்துனன் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

மூக்கர் ஊற்றினார். மேலே பழுப்பு நுரை இரண்டு விரல் கனத்துக்கு நின்றது. கோப்பையை வெளிச்சத்தில் சாய்க்க, கறுப்பின் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரிந்தது.

"கலர் எப்படி மாமா?"

"கலருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். மோந்தார். கருக வறுத்த ரொட்டி ஓரம் வந்தது. காபிப்பொடி டப்பாவைத் திறந்த வாசனை வந்தது. எல்லாம் சரி. அதற்குப் பின்னால், கூப்பிடாத விருந்தாளி போல இன்னொன்று வந்து நின்றது: உருக்கின வெண்ணெய். ஒரு வாய் குடித்தார். நாக்கில் வழவழவென்று படர்ந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு விரல் அல்ல, ஏறக்குறைய முழுக் கோப்பையும் மிச்சம்.

மனைவியின் கத்தி நின்றது.

"என்ன மாமா?"

"தொட்டியைக் குளிர்ல போடறதுக்கு முன்னாடி, ரெண்டு நாள் கதகதப்புல வச்சியா?"

மைத்துனன் மேசையைப் பார்த்தான். "நேரமில்ல மாமா. நேரா குளிர்ல தள்ளிட்டேன்."

"குளிர்ல எத்தனை வாரம்?"

"மூணு."

"ஆறு வேணும். ஈஸ்ட் அதோட வேலையை முடிக்கல, அதுக்குள்ள நீ அதைத் தூங்க வச்சுட்ட. வெண்ணெய் வாசனை அதான். இது குறைமாசம்டா மாப்ள."

அந்த வார்த்தைதான் வினை. மனைவி எழுந்து வந்தார்.

"என்ன சொன்னீங்க?"

மூக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்ப்பட்ட உறவையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கிறவர், எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன் என்பதை மறந்துபோனார். அந்த வீட்டில் எவரும் வாயில் எடுக்காத சொல் அது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்தவனை அக்காக்காரி குடைக்காம்பால் அடித்து, அவள் அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த கதையும் உண்டு.

"நான் பீரைச் சொன்னேம்மா."

"எனக்கு எல்லாம் புரியுது. அவன் பொறந்ததுல இருந்து இந்தப் பேச்சுதான்."

"அக்கா, விடுக்கா. எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியாச்சு மாமா. சனிக்கிழமை எல்லாரும் வந்துடுவாங்க. கொஞ்சம் அனுசரிச்சு எழுதுங்களேன். வெண்ணெய்யும் ஒரு ருசிதானே?"

மூக்கர் கண்ணாடியை எடுத்து மாட்டினார்; உடனே கழற்றினார். பொய் எழுத அவருக்குத் தெரியாது என்பதில்லை. அத்தைக்கு நல்லது எழுதித் தப்பித்திருக்கலாம், தப்பிக்கவில்லை. இப்போது மைத்துனனுக்கு எழுதினால், அத்தை பேசாமல் இருந்த இரண்டு வருடமும் வீண்.

"ஏம்மா," என்று மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார், "இவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க?"

"அதை எதுக்கு இப்போ கிளறுறீங்க?"

"சொல்லேன்."

"கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. உள்ள சூடு இருக்கும். நான் தெனமும் போய் வெளிய நின்னு மூக்கை வச்சு அழுத்திப் பார்ப்பேன். கையில குடுங்கன்னு அழுவேன்."

"குடுத்தாங்களா?"

"ஆறு வாரம் குடுக்கல." சொல்லிவிட்டு அவர் மேசை மேல் மிச்சமிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "டேய், தொட்டியில இன்னும் இருக்குதானே?"

"பாட்டில்ல ஊத்தினது இந்த ஆறு மட்டும்தான்."

"அப்ப சூடு காட்டு. சனிக்கிழமை வர்றவங்க அடுத்த மாசம் வரட்டும். வந்தவங்க முன்னாடி மாமா மூஞ்சி இப்படிக் கோணுறதை என்னால பார்க்க முடியாது."

மைத்துனன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, "எனக்கு வாய்ச்ச மாமா" என்று முணுமுணுத்தான். அதில் பாதி வசவு.

அந்த வாரம் மூக்கர் பத்திக்கு வேறு பீர் கிடைக்கவில்லை. குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதினார்: 'ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. எது சொன்னாலும் மறுத்துப் பேசாது.' ஒன்றுவிட்ட தம்பி போன் செய்து நன்றி சொன்னார்.

நாலாவது ஞாயிறு மைத்துனன் வந்தான். ஒரே ஒரு பாட்டில். இந்தத் தடவை நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தான். மூக்கர் துடைத்தார், ஊற்றினார், கண்ணாடியைக் கழற்றினார். மோந்துவிட்டு, கோப்பையை மனைவி பக்கம் நீட்டினார். பதினோரு வருடத்தில் இல்லாத வழக்கம். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, சுடுபால் பாத்திரத்தை அணுகுகிற மாதிரி மூக்கைக் கொண்டுபோனார்.

"ரொட்டி ஓரம்" என்றார். இன்னொரு முறை மோந்தார். "வெண்ணெய் இல்ல."

மூக்கர் குடித்தார். ஒரு வாய், இரண்டு வாய். சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டதால் முகம் தெரியவில்லை.

"ஏங்க, நல்லா இருக்கா இல்லையா? சொல்லித் தொலைங்களேன். அவன் மூச்சே விடல."

மூக்கர் உதட்டு நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். நிதானமாகச் சன்னலுக்குப் போனார். செடியை ஒதுக்கி, தொட்டிக்கு மேலே கோப்பையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.