பாட்டுக்குப் போட்ட தடி ஒயர்

நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்தின் மாடியில், சன்னலோர மேசையில் உட்கார்ந்து, வழக்குகளில் பேசப்பட்டதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. ஒலிப்பதிவில் விசிறி இரையும், யாரோ இருமுவார்கள், நாற்காலி கிறீச்சிடும். அதற்கு நடுவே சாட்சி சொன்னது "வந்தா"வா, "வந்தான்"ஆ என்று பிடிக்க வேண்டும். மூக்கில் தேய்ந்து மறையும் அந்தக் கடைசி ஒலியில் யாரோ ஒருவரின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் பின்னால் ஓட்டிக் கேட்பாள். மனசு ஒப்பாவிட்டால் மறுபடியும் ஓட்டுவாள். அதனால் அலுவலகத்தில் 'ரிவைண்ட் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேலதிகாரிக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிருந்தது.

நாள் முழுக்க அடுத்தவர் சண்டையும் அழுகையும் காதுக்குள் போனால் யாருக்கும் பித்துப் பிடிக்கும். அவளைக் காப்பாற்றியது வீட்டு முன்னறையில் இருந்த பாட்டுச் சாமான்கள்தான். சுவரோடு ஒட்டிய தாழ்வான மர அலமாரி, அதில் இசைத்தட்டு சுழலும் ஒரு பெட்டி, ஓர் ஆம்ப்ளிஃபயர், இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள். சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள் என்றால், அவளுக்குப் பிடித்த பாடகியின் குரலும் கூடவே ஒரு வயலினும் அறையில் மெல்ல நிரம்பும். சுவர்கள் கரையும். கரை தெரியாத நீரில் மல்லாந்து மிதப்பதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் கணவர்தான் எழுந்து போய், "அவ ஊர்ல இல்லீங்க" என்று சொல்லி அனுப்புவார்.

கணவருக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் பளபளக்க வைப்பார். சொந்த வீட்டுச் சுவர் மட்டும் பாளம் பாளமாக உரிந்து கிடக்கும். சமையலும் அவர் கைதான். அடுப்படிப் பக்கம் அவளை விடமாட்டார்.

ஒருநாள் இசைத்தட்டுக்கு ஊசி வாங்கப் போன இடத்தில் ஸ்பீக்கர் கடைக்காரர் கறுப்பாகத் தடித்த ஓர் ஒயரை அவள் கையில் கொடுத்தார். கை கீழே இறங்கியது, அவ்வளவு கனம்.

"அக்கா, ஆம்ப்ளிஃபயர் கரண்ட்டைச் சாப்பிட்டுட்டுத்தான் பாடுது. சாப்பாடு சுத்தமா இருந்தாதானே குரல் சுத்தமா இருக்கும்?" என்றார் அவர்.

அந்தப் பேச்சு அவளுக்குள் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. வாங்கி வந்துவிட்டாள்.

கணவர் ஒயரைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, கம்பத்துலேர்ந்து வீடு வரைக்கும் வர்ற கம்பி அரதப் பழசு. சுவத்துக்குள்ள ஓடுறது அதவிடக் கிழம். கடைசி நாலு முழம் மட்டும் மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு வந்தா கரண்ட்டு திருந்திடுமா?"

"காசும் என்னுது, காதும் என்னுது. நீங்க அலமாரியப் பிடிங்க."

பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த ஒயர் வளையமாட்டேன் என்று அடம்பிடித்தது. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நுழைக்க வழியில்லை. இருவரும் மூச்சுமுட்ட இழுத்து, அலமாரியையும் ஸ்பீக்கர்களையும் அறைக்குள் நன்றாக முன்னால் தள்ளி வைத்தார்கள்.

பாட்டைப் போட்டாள். பாடகி அடுத்த வரிக்காக மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. இத்தனை வருடம் கேட்ட பாட்டில் அப்படி ஒரு மூச்சு இருந்ததே அவளுக்குத் தெரியாது. வயலின் குரலுக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, வேறொரு அறையின் வாசலில் நின்று வாசிப்பதுபோல் இருந்தது. அவள் மிதந்த நீர் கண்ணாடியாகத் தெளிந்து அடி மணல் தெரிந்தது. கண் கலங்கியது.

கணவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். "ஏதோ மாறித்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வாய் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்தில் பார்ப்பவரிடமெல்லாம் ஒயர் புராணம்தான். பக்கத்து மேசைக்காரர் அதைக் கேட்டு ஆசைப்பட்டு, தானும் ஒன்று வாங்கிப் போட்டார்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே அக்கா."

"அதுக்குக் காது பழகணும் தம்பி" என்று அவள் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னாள். மனிதர் முகம் தொங்கிப்போனது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் கணவர் வெளியூரில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். பசித்ததால் அவளே அடுப்படிக்குள் நுழைந்தாள். ரைஸ் குக்கரின் பின்பக்கத்திலிருந்து சுவர் வரைக்கும் கறுப்பாக, தடியாக, மலைப்பாம்புபோல் ஒன்று நீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு முன்னறைக்குப் போய் அலமாரியின் பின்னால் குனிந்து பார்த்தாள். தூக்கிப் போட்டிருந்த பழைய மெல்லிய ஒயர் ஆம்ப்ளிஃபயரில் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் வந்ததும் வராததுமாக, "எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

அவர் விழித்தார். "குக்கர் ஒயர் அடுப்புல பட்டு உருகிடுச்சும்மா. பழைய ஒயரப் போட்டா சூடாச்சு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி வாய்தானேன்னு தடிய குக்கருக்குப் போட்டு, இத பாட்டுக்கு மாத்துனேன். மழை ஆரம்பிச்சப்பவே. புதுசு வாங்கணும்னு நெனச்சு மறந்தே போயிட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "அதான் கொஞ்ச நாளா சோறு அவ்வளவு தெளிவா இருந்துதோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. மழை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அதே நாற்காலியில் சாய்ந்து, "இந்த ஒயர் இருக்கே, தெய்வம்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், பழைய ஒயரில் கேட்டுக்கொண்டே.

பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டாள். வெட்கம்கூட ஆறிவிடும், பயம்தான் ஆறவில்லை. இல்லாததைக் கேட்கிற காதா தன் காது? அப்படியானால் இத்தனை வருடம் தட்டச்சு செய்ததில் எத்தனை "வந்தான்", உண்மையில் "வந்தா"வோ? அலுவலகத்தில் ஒரே வரியை ஓட்டி ஓட்டிக் கேட்டாள். கேட்கக் கேட்கச் சொற்கள் உருகி வெறும் காற்றாயின. வேலை தேங்கியது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய சன்னலில் மழைத்துளிகள் ஒன்றையொன்று பிடித்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கணவருக்கு அது பொறுக்கவில்லை. மழை விட்டதும் ஒரு வாரம் வெளிவேலை எதுவும் ஒப்புக்கொள்ளாமல், முன்னறையைச் சுரண்டி, பூசி, விடிவதற்கு முன் வானம் இருக்குமே, அந்த வெளிறிய நீலத்தை அடித்தார். குக்கருக்குப் புது ஒயர் வாங்கினார். தடி ஒயரைத் துடைத்து மறுபடி ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். அறை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று, அலமாரியின் பக்கப் பலகையில் துளை போட்டு ஒயரை வெளியே எடுத்து, எல்லாவற்றையும் புதுச் சுவரோடு சேர்த்து வைத்தார்.

அவள் வேலையிலிருந்து வந்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ ஒண்ணும் பேசாத. கேளு."

பாட்டு வந்தது. அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"இது அது இல்லீங்க."

"சத்தியமா தடி ஒயர்தான்மா. வந்து பாரு."

"ஒயர் எதுவோ தெரியாது. அண்டாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. அந்த மூச்சக் காணோம். வயலின் எங்க போச்சு?"

சொல்லச் சொல்ல அவள் குரலே மாறிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்தாள். நீலச் சுவரையும், அதில் முதுகைச் சாய்த்து நின்ற ஸ்பீக்கர்களையும் பார்த்தாள். எழுந்துபோய் ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, புதுப் பெயிண்ட்டு! மெதுவா!"

"அந்தப் பக்கம் பிடிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

இழுக்க இழுக்க, அடிவயிற்றில் முட்டிக்கொண்டிருந்த கனத்த ஓசை இளகியது. சட்டென்று ஓர் இடத்தில் அறை வாயைத் திறந்தது. பாடகி மூச்செடுத்தாள். வயலின் வாசலில் வந்து நின்றது.

"நில்லு!" என்று கத்தியது கணவர்தான்.

இருவரும் ஆளுக்கொரு ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஒயர் வளையாததால் அல்லவா எல்லாவற்றையும் முன்னால் இழுத்தார்கள்! மழையில் ஒயர் மாறியபோதும் ஸ்பீக்கர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. அவள் கேட்டது பொய்யில்லை. காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்திருந்தாள்.

அப்படியும் அவள் விடவில்லை. ரிவைண்ட் அக்கா ஆயிற்றே. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கணவர் ஒயரை மாற்றி மாற்றிச் சொருகினார். சில தடவை மாற்றுவதுபோல் சத்தம் மட்டும் செய்தார்.

"இப்ப எது?"

"தடி."

"மெல்லிசு. இப்ப?"

"மெல்லிசு... இல்ல, தடி. இருங்க." அவள் தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டாள். பிறகு துண்டை அவிழ்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்குத் தெரியலைங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

தெரியவில்லை என்று சொல்வதில் அவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தேங்கிய பதிவுகளை எடுத்தாள். கேட்டதைத் தட்டினாள். கேட்காத இடத்தில், 'தெளிவாக இல்லை' என்று தட்டிவிட்டு மேலே போனாள். பக்கத்து மேசைக்காரரிடம் நாற்காலியைத் திருப்பி, "தம்பி, அன்னிக்குத் தப்பா பேசிட்டேன். உங்க காதுக்கு ஒரு குறையும் இல்ல. ஒருநாள் உங்க வீட்டுக்கு வரவா?" என்று கேட்டாள்.

விடுமுறை நாளில் கணவரோடு போனாள். சின்ன வீடு. ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில் சுவரை ஒட்டி, மேலே பூச்சட்டியும் தலைக்கவசமும் சுமந்துகொண்டு நின்றன. மூவரும் சேர்ந்து இழுத்து நகர்த்தினார்கள். பக்கத்து மேசைக்காரரின் மனைவி துவைத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நடு வீட்டுல இத வச்சா நாங்க எங்க நடக்கிறது, அக்கா? பறக்கவா?"

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோம்மா. பிடிக்கலைன்னா பழையபடி தள்ளி வச்சுட்டுப் போறோம்."

பாட்டு தொடங்கியது. சன்னல் திரை காற்றில் மெல்ல உப்பி இறங்கியது. துணியோடு நின்ற பெண் முதலில் சுவரில் சாய்ந்தார். பிறகு கீழே பாயில் உட்கார்ந்தார். மடியில் கிடந்த சட்டை ஒன்றை மடிக்க எடுத்தவர், ஒரு கையை மட்டும் மடித்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.